பதின்மூன்றாவது கோடு

"கண்ணைத் திறக்காதீங்க மாமா! யோசிக்காம நடங்க. எல்லாம் காலுக்குத் தெரியும்" என்று கத்தினாள் ஓவியக்காரி.

தையல்காரர் நடந்தார். கணுக்காலில் கட்டியிருந்த ஓட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புப் பொடி கோடாக விழுந்துகொண்டே வந்தது.

ஒரு காலத்தில் அங்கே தெரு இருந்தது. இப்போது வீடுகளை இடித்துச் சமமாக்கிய வெறும் மண். நாளைக் காலை கார் நிறுத்துவதற்காகக் கான்கிரீட் கொட்டிவிடுவார்கள். அதற்குள் பழைய குடித்தனக்காரர்களை அவரவர் வாசல் இருந்த இடத்திலிருந்து தெருக்குழாய் இருந்த இடம் வரை நடக்கவிட்டு, விழுகிற கோடுகளைப் பார்த்துப் படமாக வரைந்துவிட வேண்டும். மனிதர்கள் பொய் சொல்வார்கள், கால் சொல்லாது என்பது அவள் கட்சி.

அவளும் ஐந்து வயது வரை இந்தத் தெருப் பெண்தான். ஒருநாள் அவள் அம்மா பஸ் ஏறிப் போனாள், திரும்பவே இல்லை. அடுத்த மாதமே அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது? முப்பது வருடமாக இந்தக் கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தையல்காரர் பன்னிரண்டாவது ஆள். அவர் முடித்ததும் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தாள்.

பன்னிரண்டு கோடுகளும் நடுவில் ஒரே இடத்தில் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. உள்ளே ஒரு பொட்டுப் பொடி இல்லை. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவு இருக்கும்.

மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"அந்த நடு இடத்துல என்ன இருந்துச்சு? கிணறா?"

"ஒண்ணும் இல்லையே. உங்க வீட்டுக்குப் பின்னால வெறும் தரை, எல்லாரும் குழாய்க்குப் போற வழி" என்றார் தையல்காரர், காலைத் தட்டிக்கொண்டே.

"அப்புறம் ஏன் எல்லாரும் சுத்திப் போறீங்க?"

முன்பே நடந்து முடித்து அங்கே நின்றிருந்த பதினொரு பேரில், ஓய்வுபெற்ற நர்ஸுக்குத்தான் கோபம் வந்தது. "படம் வரைய வந்தியா, விசாரிக்க வந்தியா? உங்கப்பா போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே எதுக்கு?"

"எங்கம்மா பஸ் ஏறினதை யாரு பார்த்தீங்க?"

"எல்லாரும்தான் பார்த்தோம்."

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாடம் பண்ணி வைத்ததுபோல இருந்தது அவளுக்கு.

"எங்களை விடு பாப்பா. நீயும்தானே பார்த்தே?" என்றார் தையல்காரர் மெதுவாக.

ஆமாம், பார்த்தாளே! ஜன்னலோரம் அம்மா, அசைந்த கை, பஸ் கிளப்பிய புழுதி, எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. போன உயிர் திரும்பி வந்தது. இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

எல்லாரும் கிளம்பிய பிறகு மிச்சப் பொடியைத் தன் காலில் கட்டிக்கொண்டாள். அந்த இடத்தின் மேலேயே நடந்து, ஒன்றுமில்லை என்று தனக்கே காட்டிவிட வேண்டும். தன் வீட்டுப் பின்வாசல் இருந்த இடத்தில் நின்று கண்ணை இறுக்க மூடினாள். குழாய் வரை நேராக நடந்தாள்.

நிம்மதியாக மாடியேறிப் பார்த்தாள்.

பன்னிரண்டு பேரையும்விட அவளுடைய கோடுதான் அந்த இடத்தை விட்டு அதிகம் ஒதுங்கிப் போயிருந்தது.