சுவரைப் பார்த்து நிற்கும் படம்

"ஏம்மா, இந்தப் படம் என்ன தப்பு பண்ணுச்சு? சுவத்தப் பாத்து நிக்குதே!" என்று தன் மகள் சின்ன வயதில் கேட்டது, தேர்வு முடிந்த ஓவியக்கூடத்தில் ஆசிரியைக்கு நினைவு வருகிறது. தேறாத படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது இங்கே வழக்கம். உட்கார்ந்தபடியே தூங்கும் தன் அப்பாவை ஒரு மாணவி வரைந்திருந்தாள். "உருக்கம் இருக்கு, முதிர்ச்சி இல்லையே மேடம். விடுங்க, டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுத் தலைமைத் தேர்வாளர் போய்விட்டார். மறுக்க வாயெடுத்த ஆசிரியையும் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்; அந்தப் படமும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. இனி மதிப்பெண் மாறாது. நாளை அந்தப் பெண் படிப்பை விட்டு ஊருக்குப் போகிறாள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையோடு சாய்வெயில் தரையில் கிடக்கிறது. தான் மாணவியாக இருந்தபோது சுவர் பார்த்து நின்ற தன் படத்தையும் யாரோ முன்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆசிரியை கதவைச் சாத்துகிறாள். படத்தை மெல்லத் திருப்புகிறாள். தூங்கும் அப்பாவின் முகத்தில் வெயில் படுகிறது.