மிரேவுக்கு மட்டும் தனிக் கிண்ணம்

மேஜை நடுவில், கொரிய வீடுகளில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் கிம்ச்சிக் குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் கரண்டியை விடுவதற்கு முன்பே, வருங்கால மாமியார் ஒரு கிண்ணத்தில் ஊற்றி மிரேவிடம் நீட்டினார்.

"நீ இதுல சாப்பிடும்மா. சட்டியில கரண்டி விட்டுடாதே."

அவள் கட்டிக்கொள்ளப்போகும் தோஜினும் அவன் அப்பாவும் வழக்கம்போல ஒரே சட்டியில் ஆளுக்கொரு கரண்டியை விட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மிரேவுக்கு முகம் சுண்டிப்போனது. மாமியார் முகக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லையே!

மேஜைக்கு அடியில் தோஜினை நறுக்கென்று கிள்ளினாள்.

"உங்கம்மாகிட்ட உளறிட்டியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல!"

"பின்ன எதுக்கு என்னை ஒதுக்கி வைக்கிறாங்க?"

கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இப்போது வழக்கம். "எனக்கென்ன குறை?" என்று தோஜின் நழுவிவிட்டான். மிரே போனாள். ஹெர்பிஸ் கிருமிக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தது. எந்த வகை என்று அந்தப் பரிசோதனை சொல்லாது.

முதல் வகை என்றால் உதட்டுக் கொப்புளம். பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை பெரும்பாலும் உடலுறவில் வருவது.

காலேஜில் அவளுக்கு ஒரு காதல் இருந்தது. தோஜினுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. இரண்டாவது வகை என்று வந்தால் இந்தக் கல்யாணம் நடக்குமா? வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனைக்கு மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு, தூக்கமில்லாமல் காத்திருந்தாள்.

இப்போது, சாப்பாட்டு மேஜையிலேயே அவள் போன் அடித்தது. கிளினிக் நர்ஸ்.

"முதல் வகை மட்டும்தாங்க. இரண்டாவது இல்ல. நிறையப் பேருக்கு இருக்கறதுதான், பயப்படாதீங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அத்தை! எனக்கு இருக்கறது வெறும் உதட்டுக் கொப்புளக் கிருமிதானாம். இனிமேலாவது என்னைத் தள்ளி வைக்காதீங்க!"

மாமியார் திருதிருவென்று விழித்தார்.

"எந்தக் கிருமி? யாருக்கு?"

தோஜின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாமியார் கூச்சத்தோடு முகக்கவசத்தை இறக்கினார். உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளங்கள்.

"குளிர் வந்தா எனக்கு இது வந்துடும்மா. நான் கரண்டி விடற சட்டியிலயே சாப்பிட்டுச் சாப்பிட்டு இவங்க ரெண்டு பேருக்கும் என்னைக்கோ ஒட்டிக்கிச்சு. கல்யாணப் பொண்ணு நீயாவது தப்பிக்கட்டுமேன்னுதான் தனியா ஊத்தினேன்!"