மூன்றாவது பட்டன்

அந்தக் கல்லூரியின் நாடக மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சீனியர்களிடம் பேசும்போது தங்கள் சட்டையின் மூன்றாவது பட்டனை மட்டுமே பார்க்க வேண்டும். குனிந்த தலைகளுக்கு மேலே, 'ராகிங் தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகை தொங்கியது. அதை ஆணியடித்து மாட்டியவனே மன்றச் செயலாளர் கார்வண்ணன்தான். ஒரு திங்கட்கிழமை, முதலாமாண்டு சேவியர் நிமிர்ந்த தலையோடு ஒத்திகைக்கு வந்தான்.

"டேய், எங்கடா பாக்குற? பட்டனைப் பாரு" என்றான் கார்வண்ணன்.

"பிச்சுப் போட்டுட்டேண்ணே."

சட்டை அந்த இடத்தில் லேசாகத் திறந்திருந்தது. நூல் பிசிறு ஒன்று மின்விசிறிக் காற்றில் ஆடியது.

"அப்ப நாலாவதைப் பாருடா" என்றது பின்னாலிருந்து ஒரு சீனியர் குரல். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற மற்ற புதியவர்களின் விரல்கள் மெல்லத் தங்கள் சட்டைகளுக்குப் போயின. ஒரு பட்டன் தரையில் விழுந்து உருண்டது. பிறகு இன்னொன்று.

சேவியர் கார்வண்ணனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இப்ப சொல்லுங்கண்ணே, என்ன செய்யணும்?"

கார்வண்ணன் வாயைத் திறந்தான். அவன் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தன் சட்டையின் மூன்றாவது பட்டனில் போய் நின்றது.