வெடிக்காத தோட்டாவுக்கு அரை நிமிடம்

"கண்ணாடியைப் போட்டுக்கப்பா. டப்பா அந்தப் பக்கம் இருக்கு."

சிக்னே சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் அப்பா ஆர்லென் பழைய கம்பளியில் குப்புறப் படுத்து, துப்பாக்கியைத் தோளோடு அணைத்துக்கொண்டிருந்தான். எதிரே, ஜல்லி அள்ளி அள்ளிப் பள்ளமாகிப்போன இடத்தில், மண்சுவருக்கு அடியில் தக்காளி சூப் டப்பாக்கள் நின்றன.

"வாயை மூடிட்டு தோட்டாவைப் போடுடி. தோத்தவங்கதான் வண்டி கழுவணும், ஞாபகம் வச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு இதுதான். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த வடகோடியில் சர்ச்சுக்குப் போகாத வீடுகூட உண்டு, இந்தப் பள்ளத்துக்கு வராத வீடு கிடையாது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா கொள்ளும் சின்ன ரைஃபிள் அது. சுடுகிறவர் குறியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் முட்டி போட்டிருப்பவர்தான் தோட்டாவைப் போட்டு, குழலின் பின்பக்கத் தாழை அடைக்க வேண்டும். அடுத்த தடவை இடம் மாறிக்கொள்வார்கள். ஆர்லென் வீட்டு முறை இது. அவன் தன் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்து வளர்ந்தவன்.

சிக்னே முதலில் பழகியது வீட்டுக்குள்ளேதான். ஒரு பனிக்காலம் முழுக்க, உண்மைத் தோட்டா இல்லாமல், சுவரில் ஸ்க்ரூ போடுவதற்காக அடிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டே விசையை இழுத்துப் பழகினாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்காரும் அது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்.

பிறகு ஷாட்கன்னைத் தூக்கிப் பார்த்தாள். தோள் கன்றிப்போயிற்று. மாமாவின் மான் துப்பாக்கி ஒரே வெடியில் அவளை அழவைத்தது. உதைக்காத, அதட்டாத இந்தச் சின்னதுதான் அவளுக்குப் பிடித்தது.

இப்போது பதினான்கு வயது. பிள்ளைக்கு இது சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளும் சலித்துப்போய்விடுமோ என்று ஆர்லெனுக்குப் பயம். கைப்பிடியை இழுத்து இழுத்து அடுத்தடுத்துச் சுடுகிற புது ரைஃபிள் ஒன்றை வாங்கி, வண்டி இருக்கைக்குப் பின்னால் போர்வையில் சுற்றி வைத்திருந்தான். இந்தச் சுற்று முடிந்ததும் கொடுப்பதாக இருந்தான்.

அவளுடைய அம்மா டுலூத் நகரத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் அவனுக்கு மிச்சமிருந்தது இவள்தான்.

போன வசந்தத்தில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில், "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தவள், உப்பை எடுத்துத் தரச் சொன்னாள்.

எடுத்துக் கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

தாழ் அடைபட்ட சத்தம் கேட்டது. ஆர்லென் மூச்சை நிறுத்தி விசையை இழுத்தான்.

டிக்.

அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே நடை பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். தோட்டா தாமதமாக வெடிக்கலாம். துப்பாக்கி வாய் மண்சுவரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அரை நிமிடம் திரும்பக் கூடாது, எழக் கூடாது, தாழைத் தொடக் கூடாது.

ஆர்லென் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

அப்போது அவள் விரல் அவன் காதருகே வந்தது. காதுமூடியின் ஒரு பக்கத்தை மெல்ல விலக்கியது.

என்ன பிள்ளை இது, எந்த நேரமும் வெடிக்குமே, காது போய்விடுமே என்று திட்டத்தான் அவன் வாய் எடுத்தான்.

"திரும்பாதப்பா," என்றாள் சிக்னே. "ஸ்கூல் திறந்ததும் நான் அம்மாகிட்டயே இருந்துக்கறேன். உன் மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வர மாட்டேங்குது."

சூப் டப்பா இரண்டாகத் தெரிந்தது. பிறகு டப்பாவே தெரியவில்லை.

அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. வண்டி இருக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா என்று, சின்னப் பையனைப்போல, சொல்லிவிட வேண்டும்போலக்கூட இருந்தது. விசையில் ஒரு கை, கட்டையில் ஒரு கை. இரண்டையும் எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

பள்ளத்தின் மேலே எங்கோ ஒரு காகம் கத்திவிட்டுப் போயிற்று.

"ஆச்சுப்பா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. மூக்கடைத்த குரல்.

ஆர்லென் தாழை இழுத்தான்.

கம்பளியில் வந்து விழுந்தது மஞ்சளாக இருந்தது. சுவரில் அடிக்கிற பிளக்.

அவன் அதைப் பார்த்தான். சிக்னே மண்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

அந்தப் பிளக்கை இரண்டு விரலால் எடுத்து, மேலே ஒட்டியிருந்த கம்பளி நூலை ஊதிவிட்டு, தானே திரும்ப உள்ளே போட்டான். தாழை அடைத்தான். கன்னத்தைக் கட்டையில் வைத்தான்.

டிக்.

சிக்னே தன் காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆர்லென் டப்பா இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்தான்.

அரை நிமிடம் தாண்டியிருக்கும். அது வெடிக்காது என்று இருவருக்கும் தெரியும்.

ஒருவரும் அசையவில்லை.