அசைவு எண்

ஆட்டுக்கு ஒரு அளவு, பூனைக்கு ஒரு அளவு, மனுசருக்கு ஆளாளுக்கு ஒரு அளவு என்று மயக்க வாயுவை அளந்து சொல்லும் கருவியைச் செய்தவன் பூங்கோதையின் கணவன் இளவழுதி. கிள்ளினால் உடம்பு அசையாமலிருக்க எவ்வளவு குறைந்த வாயு போதுமோ, அதுதான் அந்த ஆளின் அசைவு எண். இப்போதெல்லாம் அந்த எண் தெரியாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் கத்தி வைப்பதில்லை. எண் குறையக் குறையக் கருவிக்குப் பேரும் புகழும்.

"அசையலைன்னா வலி தெரியலைன்னு அர்த்தம், பூவு. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் பிரசவ ஆபரேஷனுக்கு அழைத்துப் போனான். அவளும் நம்பிப் படுத்தாள்.

கத்தி இறங்கியது. அத்தனையும் தெரிந்தது அவளுக்கு. கத்த வாய் வரவில்லை. விரல் நுனிகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "அசையவே இல்லை டாக்டர், வாயுவை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்ற குரல் மட்டும் காதில் விழுந்தது. தாலி கட்டியவனின் குரல்.

வீட்டுக்கு வந்த அன்று, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவனிடம் சொன்னாள். "எனக்கு எல்லாம் தெரிஞ்சுது மாமா."

"கனவு கண்டிருப்பே. நீ துளிகூட அசையலை. உன் முகத்தையேதானே பார்த்துட்டு இருந்தேன்?"

"பார்த்துட்டுதான் இருந்தீங்க. இல்லைன்னா, டாக்டர் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள என் கண்ணீரை எதுக்குத் துடைச்சீங்க?"

தொட்டில் தானாக ஆடி ஓய்ந்தது. இளவழுதி அசையவில்லை.