காணாமல் போன நீல விளக்கு

ஆஸ்திரேலியாவின் சிற்றூரான வாராடூனின் காவல் நிலையத்துக்குச் சொந்தமான பழைய ஹோல்டன் கார் ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் அகப்பட்டபோது, அதன் பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன.

ஓய்வுபெற்ற சார்ஜண்ட் நெவில் கோழிகளை மரியாதையாக இறக்கிவிட்டு, காரை ஊர் அருங்காட்சியகத்துக்கு இழுத்து வந்தார். ஒன்றரை வருட உழைப்பில் துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டியாயிற்று. சனிக்கிழமை திறப்பு விழா. கூரை உச்சியில் மட்டும் ஓர் ஓட்டை. அங்கே இருந்த நீல விளக்கை, 1971-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்தபோது, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நெவிலின் பணிக்காலத்தில் துப்புத் துலங்காத ஒரே திருட்டு அது.

"ஆள் தெரியும். சாட்சிதான் போதலை" என்பார், கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ரெக்ஸின் காதில் விழும்படி.

ரெக்ஸ் ஆறடி மூன்று அங்குலம். அந்த உயரம்தான் அவரை மாட்டிவிட்டது. காய்ச்சல் என்று அன்று வீட்டில் தங்கிவிட்ட காவல் நிலையத்துக்கு எதிர்வீட்டுப் பெண், உயரமான ஒருவன் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னாள். முகம் தெரியவில்லையாம். இளம் கான்ஸ்டபிள் நெவில் அவளை விசாரிக்கப் பதினோரு முறை போனார். பன்னிரண்டாம் முறை மோதிரத்தோடு போனார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு காலையில், வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து எழுதிய பலகையை நெவில் காரின்மேல் சாய்த்து வைத்தார். 'விளக்கு களவு போனது. சந்தேகிக்கப்பட்டவர்: ரெக்ஸ் டோஹனி.'

ரெக்ஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அந்த வரி வேணாம் நெவில். சனிக்கிழமை என் பேத்தி வர்றா. படிப்பா."

"வரலாறுன்னா வரலாறுதான்யா. விளக்கைக் கொண்டா, அழிச்சிடறேன்."

"எடுக்காததை எங்கேர்ந்து கொண்டாரது?"

"காசு வாங்காம பெயின்ட் அடிக்க வந்தப்பவே நினைச்சேன். மனசாட்சி குத்துது, இல்ல?"

"நீ பிரஷ் பிடிக்கிற லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காம வந்தேன்யா!"

அப்போது நெவிலின் மனைவி கிளெனிஸ் இரண்டு தகர டப்பாக்களோடு உள்ளே வந்தாள். ஒன்றை ரெக்ஸின் கையில் கொடுத்தாள். பழக் கேக்.

"கிறிஸ்துமஸுக்கு மூணு மாசம் கிடக்கு. அதுக்குள்ளயா?" என்றார் ரெக்ஸ்.

"வருஷம் தவறாம திருடனுக்குக் கேக் கொடுக்கிற போலீஸ்காரன் பொண்டாட்டி, இந்த நாட்டிலேயே இவ ஒருத்திதான்" என்றார் நெவில்.

கிளெனிஸ் இரண்டாவது டப்பாவைக் காரின்மேல் வைத்துத் திறந்தாள். துண்டில் பொதிந்து, ஒரு கீறலும் இல்லாமல், நீல விளக்கு.

நெவில் துள்ளினார். "பார்த்தியா! கடைசியில ரெக்ஸ் பயந்துபோய் உன்கிட்ட கொடுத்துட்டானா கிளெனிஸ்? நான் சொன்னேன்ல!"

ரெக்ஸ் வாயைப் பிளந்தபடி நின்றார்.

கிளெனிஸ் பெயின்ட் துடைக்கும் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பலகையில் இருந்த அந்தப் பெயரை மெதுவாகத் துடைத்தாள்.

"மன்னிச்சுடு ரெக்ஸ். ஜெபத்துக்குத் தலை குனியறப்பெல்லாம் முன் பெஞ்சில உன் முதுகுதான் தெரியும். இத்தனை வருஷமா கேக்குக்கு மேல எதையும் கொடுக்க எனக்குத் தைரியம் வரலை."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"மறுநாளே மாட்டி வெச்சுடணும்னுதான் இருந்தேன் நெவில், நீதான் தினமும் விசாரிக்க வந்துட்டே இருந்தியே!"