மாத்திரையும் படபடப்பும்

மருந்தய்யா அருளப்பன் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் அறுநூறு இருமலையாவது கேட்டிருப்பார். அதனால் அம்மாக்கண்ணு அந்த மாத்திரைப் போத்தலை மேசையில் வைத்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்தது. மனச்சோர்வுக்கென்று கொழும்பிலிருந்து வந்த புத்தம்புது மாத்திரை!

“மூணு வாரமா இந்த மாத்திரைங்கய்யா. நெஞ்சு நானுஓயா ரயிலு கணக்கா ஓடுது. கை நடுங்குது, மூச்சு முட்டுது.”

“பயப்படாதே. ஆரம்பத்துல சில பேருக்கு இது பதற்றத்தைக் கிளப்பும். எப்ப ரொம்ப வருது?”

“காலையில, பெரட்டுலங்க. தொரை எல்லாருக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கிறப்ப.”

“சரி, பெரிய டாக்டருகிட்ட கேட்டு அளவைப் பாதியாக்கிடுவோம்.”

“ஐயோ, கொறைச்சிடாதீங்கய்யா!”

அருளப்பனின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. “ஏம்மா, முழுங்குறது நீதானே?”

“நானா? எங்க வீட்டுக்காரருங்க! ரெண்டு வருசமா சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடந்த மனுசன். இப்ப பெரட்டுல மொத ஆளா நின்னு, ‘நாங்க குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுது, எப்ப மாத்துவீங்க தொரை?’ன்னு தெனமும் கேக்குறாரு. என்னைக்கு வேலையை விட்டு நிப்பாட்டுவாங்களோன்னு நான் நடுங்குறேன்!”

“அப்ப அளவைக் குறைச்சா அடங்கிடுவாரே?”

அம்மாக்கண்ணு போத்தலை வெடுக்கென்று எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

“அவரு கேக்கட்டுங்க, கூரை ஒழுகத்தானே செய்யுது! எனக்கு மட்டும் இந்தப் படபடப்புக்கு ஏதாச்சும் குடுங்க.”